என் பதத்தைப் பழசாக்கிய கதை

மயிலாப்பூரில் என்னுடைய பதம் ஒன்று இருக்கிறது. நான் எழுதி, நானே மெட்டுப் போட்டு, அடையாறில் எங்கள் வாடகை வீட்டு மொட்டை மாடியில் நானே அபிநயம் அமைத்தது. அதற்கு இருநூறு வயது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வயிறுதான் எரிகிறது.

பதம் என்பது பரதநாட்டியத்தில் காலுக்கு அதிகம் வேலை இல்லாத உருப்படி. முகமும் கையும்தான் பேச வேண்டும். வழக்கமாக ஒரு பெண், வராத நாயகனைப் பற்றித் தோழியிடம் குறைப்பட்டுக்கொள்வாள். வருஷக்கணக்காக நானும் அப்படி ஏங்கி ஏங்கி ஆடினேன், பிள்ளைகளுக்கும் ஏங்கச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாள் அலுத்துவிட்டது. எங்கள் வீட்டில் யாரும் நாயகனுக்காகக் காத்துக் கிடந்ததில்லை. படகுக்காகத்தான் காத்துக் கிடந்தோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து நானும் அம்மாவும் வந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. அப்பா அதற்கு முன்பே இல்லை. மன்னார்க் கரையில் ஏறினோம். பாதிக் கடலில் தோணிக்குள் தண்ணீர் வரத் தொடங்கியது. பாரத்தைத் தூக்கிப் போடுங்கோ என்று தோணிக்காரன் கத்தினான். பாத்திர மூட்டை போனது. துணி மூட்டை போனது. அம்மாவின் மடியில் போர்வை சுற்றி ஒரு கை மெஷின் இருந்தது. கைபிடியைச் சுற்றித் தைக்கும் பழைய மாடல். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குப் பள்ளி யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்து அம்மா எனக்குச் சோறு போட்டது அதில்தான். அதையும் போடச் சொன்னான். அம்மா போர்வையை விலக்கி, கைபிடியை ஒரு தடவை சுற்றினார். பிறகு தானே தூக்கிப் போட்டார். யாரையும் தொட விடவில்லை.

அதைத்தான் பதமாக்கினேன். "இன்னும் எதைப் போட, தோணிக்காரா?" என்பது பல்லவி. சகானா ராகம், மிஸ்ர சாபு தாளம். இலக்கணம் ஒன்றையும் மீறவில்லை, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தடவை அந்த வரி வரும்போதும் அவள் ஒன்றைப் போடுவாள். கடைசியில் மெஷின். இடது கை துணியைத் தள்ளிக் கொடுக்கும், வலது கை கைபிடியைச் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும் கை பாதியில் நிற்கும். அவ்வளவுதான், அதோடு பதம் முடிந்துவிடும்.

நான் மாடியில் ஒத்திகை பார்க்கும்போது அம்மா துணி காயப்போட வந்தார். கையில் ஈரப் புடவையோடு அப்படியே நின்றார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"கைபிடியை அவ்வளவு கிட்டப் பிடிக்கிறேல்லை, பிள்ளை. கொஞ்சம் தள்ளிப் பிடி. துணியை இழுக்காதை, அதுவாப் போகும்."

திருத்திவிட்டுப் புடவையைக் காயப்போட்டார். பிறகு ஒரு வாரம் வருகிற போகிற எல்லோரிடமும் "என்ர மெஷினைப் பிள்ளை ஆடுறா" என்று சொன்னார். கீழ்வீட்டு மாமிக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன மெஷின், வாஷிங் மெஷினா என்று கேட்டார்.

அதை ஒரு சபா மேடையில் ஆட வேண்டும், இது என்னுடையது என்று யாராவது ஒருவர் மைக்கில் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பேராசை இல்லை, கேட்டீர்களா? இந்த ஊரில் எனக்கென்று சொந்தமாக வேறு ஒன்றும் இல்லை. அகதி முகாமிலிருந்து சென்னைக்கு வந்த பிறகு தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் அம்மா ஆல்டரேஷன் வேலை பார்த்தார், கடை மெஷினில். வீடு பார்க்கப் போனால் வீட்டுக்காரர்கள் முதலில் கேட்டது, "ஸ்ரீலங்காவா? எப்ப திரும்பிப் போவீங்க?" போலீஸ் ஸ்டேஷனில் பதிவுக்குப் போனால் அங்கேயும் அதே கேள்வி. எதைக் கேட்டாலும் அம்மா "ஓம் ஐயா" என்பார். ஆமாம் என்பதை நாங்கள் ஓம் என்றுதான் சொல்வோம். ஒரு இன்ஸ்பெக்டர் என் வயதைத் தப்பாகச் சொன்னபோதுகூட ஓம் ஐயா. மயிலாப்பூரில் எனக்கு நடனம் சொல்லிக்கொடுத்த டீச்சர் நல்லவர்தான். ஆனால் முதல் நாளே, "உன் பேச்சை வாசல்ல செருப்போட விட்டுட்டு வா" என்றார். விட்டுவிட்டுத்தான் போனேன். இன்றைக்கும் வெளியில் நான் பேசினால் மந்தைவெளியில் பிறந்தவள் என்றுதான் நினைப்பார்கள்.

மயிலாப்பூர் சபா ஒன்றின் செயலாளரிடம் போனேன். வயதானவர், நெற்றி நிறைய விபூதி, சிரித்த முகம். பதத்தைப் பாடிக் காட்டினேன். கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டார்.

"யாரோட சாகித்யம் இது?"

"என்னுடையதுதான் சார்."

உடனே கண் திறந்துவிட்டது. "அதானே பார்த்தேன். மார்கழில போய் அகதி, படகு, அழுகைன்னு... மங்களமா இருக்கணுமோன்னோ? நீ வெளிலேருந்து வந்தவ. முதல்ல இருக்கறதை நன்னா பண்ணு. புதுசெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்."

அதே சீசனில் அதே சபாவில் மாலை ஸ்லாட்டில் ஆழ்வார்பேட்டை நடனமணி ஒருவர் டிராஃபிக் நெரிசலைப் பற்றி ஒரு தில்லானா ஆடினார். ஹாரன் சத்தத்துக்கு ஜதி. எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும் போயிருந்தேன், கேன்டீனில் காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவர்கள் வீட்டுப் பெண் செய்தால் அது புதுமை. நான் செய்தால் எனக்கு இன்னும் பழசே சரியாக வரவில்லை. என்ன நியாயம் இது என்று கேட்கக்கூட அங்கே எனக்கு ஆள் இல்லை.

சில வருஷம் பதம் மாடியிலேயே கிடந்தது. என் மாணவி ஒருத்திக்கு, வேளச்சேரியிலிருந்து வரும் பெண், ஐ.டி. கம்பெனியில் வேலை, அதே சபாவில் பகல் ஒரு மணி ஸ்லாட் கிடைத்தது. சாப்பிட்டுவிட்டுத் தூங்க வருகிறவர்களுக்கான ஸ்லாட். "மிஸ், உங்க தோணிக்காரன் பதம் பண்ணட்டுமா?" என்றாள். பண்ணு என்றேன். நான் நட்டுவாங்கம், கையில் வெண்கலத் தாளத்தோடு மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். நிகழ்ச்சிக்கு முன் செயலாளர் கிரீன் ரூமுக்குப் போய், இது யாருடைய பதம் என்று அவளிடம் கேட்டிருக்கிறார். "எங்க மிஸ் சொல்லிக்கொடுத்தது சார், அவங்க யாழ்ப்பாணம்" என்று அவள் சொல்லியிருக்கிறாள். முன்பு என்னிடமே கேட்டு வேண்டாம் என்றது அவருக்கு ஞாபகமே இல்லை. மைக்கைப் பிடித்தார்.

"அடுத்து, யாழ்ப்பாணத்துலேருந்து வழிவழியா வந்திருக்கற, ரொம்பப் பழமையான, அபூர்வமான ஒரு பதம்."

எழுந்து நின்று கத்தியிருக்க முடியுமா? பிள்ளை மேடைக்கு நடுவில் வந்துவிட்டாள். பாடகி ஆரம்பித்துவிட்டார். தாளத்தைத் தட்டினேன்.

அன்றைக்கு யாரும் தூங்கவில்லை. மெஷின் நின்ற இடத்தில் அந்த ஹாலில் ஒரு இருமல்கூட இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும், பொய் சொல்லக் கூடாது. இரண்டு நாள் கழித்து ஒரு விமர்சகர் எழுதினார்: பழைய உருப்படிகளில் எவ்வளவு ஆழம், இன்று புதுமை என்ற பெயரில் எதையாவது செய்கிறவர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். புதுமை செய்தவளே நான்தான் ஐயா! என்னைப் பார்த்து நான் கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

செயலாளரைத் தேடிப் போனேன். கேன்டீனில் வாழை இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். "சார், அது பழசு இல்லை. நான் எழுதினது. உங்களிடமே பாடிக் காட்டினேன்" என்றேன்.

அவர் சாம்பார் வாளிக்குக் கை காட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "எல்லாரும் எவ்வளவு ரசிச்சா தெரியுமோ? அதை ஏன்மா கெடுக்கறே? சரி, வர ஞாயித்துக்கிழமை காலம்பற ஒரு லெக்-டெம் வைக்கறோம், இந்தப் பதத்தைப் பத்தியே. வித்வான் ஒருத்தர் பேசறார். நீயும் வா, உன் ஸ்டூடண்ட் ஆடிக் காட்டட்டும். அங்க வந்து சொல்லேன், யாரு வேண்டாம்னா?"

அது நியாயமாகப் பட்டது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா கல்யாணத்துக்கு மட்டும் கட்டும் பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டார். என் பேரை மைக்கில் சொல்வார்கள், நீங்கள் கேட்க வேண்டும் என்று சொல்லித்தான் கூட்டிப் போனேன்.

வித்வான் ஓய்வு பெற்ற பேராசிரியர். ஒரு மணி நேரம் பேசினார். தோணிக்காரன் பரமாத்மா. கடல் சம்சாரம். மூட்டைகள் பற்றுகள். ஒவ்வொன்றாகத் துறந்தால்தான் அவன் நம்மைக் கரை சேர்ப்பான். ஹால் முழுக்க ஆஹா ஆஹா என்றார்கள். அந்தத் தோணிக்காரன் வாயில் பீடியோடு அம்மாவைக் கெட்ட வார்த்தையில் திட்டியவன். பரமாத்மாவாம்! பிறகு பேராசிரியர் என் மாணவியிடம் கடைசிப் பகுதியை ஆடிக் காட்டச் சொன்னார். அவள் கைபிடியைச் சுற்றினாள்.

"பார்த்தேளா? இதுதான் பிறவிச் சக்கரம். சுத்திண்டே இருக்கு. அவன் பார்த்து நிறுத்தினா நிக்கும். எழுதினவன் பெரிய ஞானி. பேரைக்கூட போட்டுக்கலை, பாருங்கோ."

இதற்கு மேல் தாங்க முடியவில்லை. மைக்கை வாங்கினேன். "சார், அது சக்கரம் இல்லை. தையல் மெஷின். கை மெஷின். எங்க அம்மாவுடையது. கடல்ல போட்டுட்டு வந்தோம். இந்தப் பதத்தை எழுதினது நான். பேரை நான் போட்டுக்கலைன்னு யார் சொன்னா? நீங்க யாரும் போடலை."

ஹாலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கெட்ட சிரிப்புக்கூட இல்லை. பிள்ளைகள் ஏதாவது சொன்னால் சிரிப்பார்களே, அந்த மாதிரி. பேராசிரியரும் சிரித்தார்.

"நீங்க அப்படி பாவிச்சுண்டு ஆடலாம், தப்பே இல்லை. ஆனா அது உங்க காலத்து இடைச்செருகலா இருக்கும். மூலத்துல சக்கரம்தான். இந்தச் சொற்கட்டு இந்தக் காலத்து ஆளால முடியாதும்மா. சின்ன வயசுல வீட்டுல யாராவது பாடிக் கேட்டிருப்பேள். மனசுல தங்கியிருக்கும். நாமே பண்ணினதுன்னு தோணும். இங்கே நாங்க எல்லாத்தையும் தொலைச்சுட்டோம். உங்க ஊர்லதான் பத்திரமா வச்சிண்டிருந்தேள். காப்பாத்திக் கொடுத்திருக்கேள். அதுவே பெரிய விஷயம் இல்லையா?"

காப்பாற்றலாம், கொண்டு வரலாம், தூக்கிச் சுமக்கலாம். நான் உண்டாக்கக் கூடாது. "எங்க அம்மா இதோ இருக்காங்க, கேட்டுப் பாருங்க" என்றேன்.

செயலாளரே மைக்கை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். முதல் வரிசையில் அம்மா எழுந்து நின்றார். முந்தானையை இழுத்துத் தோளை மூடினார். ஹால் முழுக்கத் திரும்பி அவரைத்தான் பார்த்தது.

"சொல்லுங்கோம்மா. சின்ன வயசுலேருந்து கேட்டிருக்கேள் இல்லையா? இது பழசுதானே?"

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"ஓம் ஐயா. பழசுதான்."

பகல் ஒரு மணி ஸ்லாட்டில் கேட்டதைவிடப் பெரிய கைதட்டல். இந்தப் பொக்கிஷத்தைக் காப்பாற்றித் தந்த தாய் என்று அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போட்டார்கள். வாழ்க்கையில் ஒரு அடவுகூடப் போட்டறியாத என் அம்மாவுக்கு! பேராசிரியர் குனிந்து கும்பிட்டார். அம்மாவும் கும்பிட்டார். மாணவி என் பக்கம் திரும்பவே இல்லை, அழுதுவிடுவாள் போல இருந்தது. நான் எதிரே இருந்த பூச்சாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

லஸ் கார்னரில் ஆட்டோ பிடித்தோம். ஏறியதும் வெடித்தேன். வாசலில் விட்ட பேச்செல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"என்ன வேலை செய்து வச்சிருக்கிறியள்? உங்கட மெஷின் அம்மா அது! நீங்கள்தானே கைபிடியைத் தள்ளிப் பிடி எண்டு சொல்லித் தந்தனீங்கள்!"

"ஏன் இப்ப கத்துறாய்? ஆள் பாக்குது."

"பாக்கட்டும். என்ர பேரை நீங்களே அழிச்சுப்போட்டியள். ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்? அந்த மனிசன் என்ன போலீஸா?"

மந்தைவெளி சிக்னலில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா, பெரியவங்களைப் போய் இப்டி கத்திக்கினு கீறே? பாவம், சால்வையெல்லாம் போட்டுக்கினு வராங்க."

"நீங்க ரோட்டைப் பாருங்க" என்றேன். பாவம் அந்த மனிதர், நல்லதுக்குத்தான் சொன்னார்.

அடையாறு பாலம் வரை அம்மா சால்வையின் ஓரத்தில் தையலைத் தடவிக்கொண்டே வந்தார். தையல் சரியில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. பிறகுதான் வாயைத் திறந்தார்.

"இவ்வளவு காலமும் வந்த இடமெல்லாம் எப்ப போவியள், எப்ப போவியள் எண்டுதான் கேட்டவை. இண்டைக்குத்தான் ஒரு ஆள் எழும்பி, உங்களிட்டை இருக்கிறது எங்கட சாமான் எண்டு சொல்லுது. நான் இல்லை எண்டு சொல்லவோ? சொன்னா, சரி, அப்ப நீங்கள் போங்கோ எண்டிடுவினம்."

"ஆரும் அப்பிடிச் சொல்ல மாட்டினம், அம்மா. அந்தக் காலம் போச்சு."

"உனக்குத் தெரியாது, பிள்ளை."

என் கோபம் அப்படியே இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அது யார் மேல் என்று பிடித்து நிறுத்த முடியவில்லை. மாசக்கணக்கில் அம்மாவிடம் சாப்பாடு, மருந்து தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. அம்மாவும் என்னைச் சமாதானப்படுத்த வரவில்லை. சால்வையை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டார்.

அடுத்த மார்கழிக்குள் பதம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. மரபு உருப்படிக்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? தி. நகரில் ஒரு பெரிய ஹாலில், மாலை ஸ்லாட்டில், பெயர் பெற்ற நடனமணி ஒருவர் ஆடியதை என் மாணவி போனில் அனுப்பினாள். கீழே 'சாரி மிஸ்' என்று போட்டிருந்தாள். அவள் என்ன செய்வாள், பாவம்.

நான் பார்க்க மாட்டேன் என்று போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அம்மா எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு முழுவதையும் பார்த்தார். பாத்திர மூட்டை, துணி மூட்டை எல்லாம் போயிற்று. கடைசி இடம் வந்ததும் அம்மாவின் முகம் மாறியது.

"இதென்ன, ஒத்தை விரலைத் தூக்கிச் சுத்துறா?"

"சக்கரம், அம்மா. பெருமாள் கையில இருக்கிற சக்கரம்."

"துணி எங்க? இடது கையைச் சும்மா தொங்க விட்டிருக்கிறா. இப்பிடிச் சுத்தினால் நூல் அறுந்துபோம்." மறுபடியும் அந்த இடத்தை ஓடவிட்டார். மறுபடியும் விரல்தான் சுற்றியது. "சரியான பிழை, பிள்ளை. நீ ஒருக்காப் போய்ச் சொல்லு."

"என்னெண்டு சொல்ல?"

"அது என்ர மெஷின் எண்டு சொல்லு."

"ஆர் நம்புவினம்? பழசு எண்டு நீங்கள்தானே மைக்கில சொன்னனீங்கள்."

அம்மா கண்ணாடியைக் கழற்றினார். போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"அப்ப என்ர மெஷின்?"

"போச்சு, அம்மா" என்றேன்.